எரிந்ததும் எரித்ததும்

‘எரிந்தது’ என்பதற்கும் ‘எரித்தது’ என்பதற்கும் இடையே ஓர் எழுத்துதான் வேறுபாடு. மெல்லினம் இருந்த இடத்தில் வல்லினம் வந்து அமர்கிறது, தன்வினை பிறவினையாகிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகும் செய்தி இது. ஆனால் தருமபுரி மாவட்டத்தின் மலையடிவாரங்களில், மாசி பங்குனி மாதங்களில், இந்த ஓர் எழுத்துக்குத் தனிக் கனம் உண்டு. காடு எரிந்தது என்றால் அது வருத்தம். காட்டை எரித்தார்கள் என்றால் அது வழக்கு. முன்னதில் ஆளில்லை. பின்னதில் ஓர் ஆளுண்டு. அவனுக்குப் பெயருண்டு, ஊருண்டு, தகப்பன் பெயருண்டு.

காட்டுத்தீ குறித்த மாணவர் ஆய்வொன்றுக்குத் துணைநின்ற அனுபவத்தை எழுதலாம் என்று எண்ணியபோது எங்களுக்கு முதலில் தோன்றியது இந்த இலக்கணம்தான். நாங்கள் என்பது இம்மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறையில் அடுத்தடுத்த நாற்காலிகளில் நெடுங்காலமாக அமர்ந்திருக்கும் இருவர். தமிழிலக்கியத்தில் முதுகலை படித்தவர்கள், நாற்பதைக் கடந்தவர்கள். தாவரவியலோ சூழலியலோ நாங்கள் முறையாகக் கற்றவை அல்ல. தாவரவியல் முதுகலை மாணவி ஒருவர், தம் ஆய்வுக்கான வினாப்பட்டியலை ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டுவந்து, ‘இதை நல்ல தமிழில் பெயர்த்துத் தர முடியுமா, ஐயா?’ என்று கேட்டதில் தொடங்கியது எங்கள் பங்கு. பெயர்த்துக் கொடுத்ததோடு முடிந்திருக்கவேண்டிய வேலை, இரண்டு கோடைக் காலங்களுக்கு நீண்டது.

தருமபுரியின் காடு, சுற்றுலாப் படங்களில் காணும் பசுங்காடன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. மழை பெறும் நிலம் இது. ஊஞ்சையும் வெக்காலியும் மூங்கிலும் முட்புதரும் கலந்த இலையுதிர் காடு. தை முடிவதற்குள் இலைகள் கொட்டிவிடும். புல் காய்ந்து வெளிறிவிடும். பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் நோக்கி இறங்கும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து செல்பவர்கள் கோடையில் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம்: தரை முழுதும் கரி, மரங்களின் அடியில் முழங்கால் உயரத்திற்குக் கருமை, அதற்கு மேலே கிளைகள் வழக்கம்போல. நம் காடுகளில் பெரும்பாலும் தீ தரையோடு ஊர்ந்து போவதுதான். சருகையும் புல்லையும் தின்றுவிட்டுக் கடந்துவிடும். வெளிநாட்டுத் தொலைக்காட்சிப் படங்களில் மர உச்சிக்கு உச்சி தாவும் தீயை மட்டுமே பார்த்தவர்களுக்கு இது வேறு வகைத் தீ என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

மாணவியின் தொடக்கத் திட்டம் எளிமையானது. செயற்கைக்கோள் தரவுகளை இறக்கி, மாவட்டத்தில் எங்கெங்கே எந்தெந்த ஆண்டில் தீ தோன்றியது என்று வரைபடம் போடுவது. பிறகு அருகிலுள்ள ஊர்களுக்குப் போய்க் காரணம் கேட்பது. இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகக் காட்டுத்தீ எச்சரிக்கைகளை அளித்துவருகிறது. மோடிஸ் என்னும் உணர்கருவிக்கு ஒரு கிலோமீட்டர் சதுரம் ஒரு புள்ளி. பின்னர் வந்த வியர்ஸுக்கு 375 மீட்டர். இணையத்தில் இவற்றை யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம். மலையடிவார ஊரிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் ஒரு பெண், துறையின் பழைய கணினியில் அமர்ந்து, வானத்திலிருந்து தன் ஊரைப் பார்க்க முடிகிறது என்பதை நாங்கள் இன்றும் வியப்போடுதான் எண்ணுகிறோம்.

ஆயினும் வானத்துக் கண்ணுக்கும் எல்லை உண்டு. வியர்ஸ் நம் தலைக்கு மேலே வருவது ஏறத்தாழப் பிற்பகல் ஒன்றரை மணிக்கும் பின்னிரவு ஒன்றரை மணிக்கும். அந்தி சாய்ந்தபின் பற்றி, ஊரடங்கும் வேளைக்குள் அணைந்துவிடும் சருகுத்தீ அதன் கணக்கில் பெரும்பாலும் வராது. காட்டோரம் ஒரு விவசாயி கரும்புச் சோகையைக் கொளுத்தினால் அதுவும் ஒரு வெப்பப் புள்ளியாகத் தெரியலாம். புள்ளிக்கு வெப்பம் தெரியும், காரணம் தெரியாது. அதற்குத்தான் வினாப்பட்டியல்.

வினாப்பட்டியலின் முதற்கேள்வியே சிக்கலாயிற்று. ஆங்கில மூலத்தில் காட்டில் தீ வைக்கும் வழக்கம் உண்டா என்று கேட்டிருந்தது. அதை வைத்துச் சித்தேரி மலையடிவாரத்து ஊர் ஒன்றில் முன்னோட்டம் பார்த்தார்கள். தாவரவியல் மாணவியோடு எங்கள் துறை மாணவி ஒருவரையும் அனுப்பியிருந்தோம். அவர் அந்தப் பக்கத்துப் பெண். நாங்களும் உடனிருந்தோம். திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவரிடம், ‘காட்டுக்குத் தீ வைப்பதுண்டா, தாத்தா?’ என்று கேட்டார்கள். ‘ஆமா கண்ணு, வருசா வருசம் வெக்கறதுதான். வெக்காம எப்பிடி உழுவறது?’ என்றார் அவர். தாவரவியல் மாணவியின் விரல் கைப்பேசித் திரையில் ‘ஆம்’ என்ற கட்டத்தை நோக்கிப் போனது. எங்கள் மாணவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ‘அக்கா, தாத்தா சொல்றது அவரோட சாமைக் காட்டை. ஃபாரஸ்ட்டை இல்ல.’

எங்கள் பக்கத்தில் காடு என்றால் முதலில் மானாவாரி நிலம். ‘காட்டுக்குப் போயிருக்கார்’ என்றால் உழவுக்குப் போயிருக்கிறார் என்று பொருள். அரசின் காப்புக்காட்டை ஊரார் காடு என்று சொல்வது குறைவு. ‘ஃபாரஸ்ட்டு’ என்றே சொல்வார்கள். அங்கே வரும் அதிகாரிகளும் ‘ஃபாரஸ்ட்டு’தான். நிலத்துக்கும் அதிகாரத்துக்கும் ஒரே பெயர். நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் வாழ்ந்து அறிந்த வரலாறு அந்தக் கடன்சொல்லில் அடங்கியிருக்கிறது. தம் வயலின் தட்டையையும் புதரையும் உழவுக்குமுன் கொளுத்துவதாகச் சொன்ன ஒரு முதியவர், வினாப்பட்டியலின் தமிழில் காப்புக்காட்டுக்குத் தீ வைப்பவராக மாறியிருப்பார். அந்தக் கைப்பேசிப் படிவத்தில் அவருடைய பெயர், தொலைபேசி எண், வீடு இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் பதிவாகும்.

இதைச் சிறு மொழிபெயர்ப்புச் சிக்கல் என்று கடந்துவிட முடியாததற்குக் காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. அதே மலையடிவாரத்தில், அரூர் வட்டத்தில் உள்ளது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, மக்கள் அடிக்கப்பட்டுச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று, தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்திருந்தனர். அத்தீர்ப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று உறுதிசெய்தது. இந்த நினைவு இருக்கும் ஊர்களில் ஒருவர் தாளும் பேனாவுமாக வந்து, காட்டைப் பற்றிக் கேள்வி கேட்டு, பெயரை எழுதிக்கொண்டால், எதிரே இருப்பவர் மனத்தில் என்ன ஓடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

‘யார் தீ வைக்கிறார்கள்?’ என்ற இரண்டாவது கேள்விக்கு ஊரில் கிடைத்த விடைகள் இதைக் காட்டின. ‘தானா பத்திக்கும்.’ ‘மூங்கில் மூங்கிலோட உரசிப் பத்திக்கிச்சு.’ ‘வழிப்போக்கன் எவனாவது பீடி போட்டிருப்பான்.’ தாவரவியல் மாணவி சலித்துக்கொண்டார். இந்தியக் காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதக் கையால் மூள்வது என்பது அறிவியலார் ஒப்புக்கொண்ட செய்தி. மூங்கில் உரசித் தீப்பிடிப்பதெல்லாம் உங்கள் இலக்கியத்தில்தான் என்று எங்களைச் சீண்டவும் செய்தார். உண்மைதான், பழைய பாட்டுகளில் அந்தத் தீ உண்டு. ஆனால் அவ்வூர் மக்கள் காட்டை அறியாமல் அதைச் சொல்லவில்லை. மூங்கில் மீது பழியைப் போட்டால் மூங்கிலின் மேல் வழக்கு வராது.

துறைக்குத் திரும்பியபின் நீண்ட விவாதம் நடந்தது. பெயரில்லாத தரவை யார் நம்புவார்கள், நேர்முகத் தேர்வில் சரிபார்க்கச் சொன்னால் என்ன செய்வது என்பது அறிவியல் பக்கத்தாரின் கவலை. அது நியாயமான கவலையே. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி குற்றம். ஆய்வேடு என்பது நூலக அலமாரியில் யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய ஆவணம். இருபது வயதுப் பெண்ணிடம் நம்பிப் பேசிய முதியவரின் சொல் அவருக்கு எதிரான சாட்சியாகக் கூடாது என்பது எங்கள் வாதம். முடிவில் பெயர், எண், வீட்டின் இருப்பிடம் மூன்றும் படிவத்திலிருந்து நீக்கப்பட்டன. ஊர்ப்பெயர்களுக்குப் பதில் எழுத்துக் குறியீடுகள். ‘யார்’ என்ற கேள்வியே போயிற்று.

அதனிடத்தில் வேறு கேள்விகளை அமர்த்தினோம். தீ வந்தால் எந்தப் பக்கம் ஏறும்? எத்தனை நாளில் புல் தலைகாட்டும்? எந்த மரம் பிழைக்கும், எது போகும்? உங்கள் சின்ன வயதில் எந்த மாதத்தில் வந்தது, இப்போது எந்த மாதத்தில் வருகிறது? வினைச்சொற்களை எல்லாம் தன்வினையாக்கினோம் என்று வேண்டுமானால் சொல்லலாம். விளைவு நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. மூங்கிலோடு நிறுத்திக்கொண்டவர்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். துடைப்பத்துக்கு ஈச்ச ஓலை அறுக்கும் அம்மா ஒருவர், எரிந்த இடத்தில் தளிர்க்கும் ஈச்சின் ஓலை எப்படி மென்மையாக இருக்கும் என்று விரலால் தடவிக் காட்டினார். பழைய நாளில் தையிலேயே, பனி முழுதும் விலகாதபோதே தீ வந்துவிடும், குட்டையாகப் போய் அணைந்துவிடும் என்றார் ஆடு மேய்ப்பவர் ஒருவர். ‘இப்ப பங்குனியில வருது. உண்ணிச்செடி ஆள் உசரம் காஞ்சு கெடக்குது. அதுல ஏறுனா மரமே போயிடுது’ என்றார்.

இந்த விடையை எழுதிக்கொண்டு வந்தபிறகுதான் மாணவிக்குத் தம் ஆய்வுப்பொருள் எது என்று தெளிந்தது. காவிரிக்கு அப்பால், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர்கள் இதையேதான் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் தீயை அவர்கள் ‘தரகு பெங்கி’ என்பார்கள். சருகுத்தீ என்றே பொருள். 1974இல் அம்மலை சரணாலயமாக்கப்பட்டபின் அவ்வழக்கம் தடைப்பட்டது. தீ நின்றதால்தான் உண்ணிச்செடி பெருகியது என்பது அவர்கள் கருத்து. அங்கே ஆய்வு செய்த அங்கிலா ஹிரேமத், பரத் சுந்தரம் ஆகியோர் 2005இல், உண்ணிக்கும் தீக்கும் ஒரு சுழல் இருக்கக்கூடும் என்ற கருதுகோளை முன்வைத்தனர்: தீ உண்ணிக்கு இடம் கொடுக்கும், உண்ணி அடுத்த தீக்கு விறகாகும். பிறகு 1997, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளின் நிலையை ஒப்பிட்டபோது, தீ குறைந்திருந்த காலத்திலும் உண்ணி பெருமளவு பரவியிருப்பதை அவர்களே கண்டனர். சோலிகர் சொல்லைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு எழுதினர். நெல்லி மரத்துப் புல்லுருவி பற்றியும் இப்படி ஒரு செய்தி உண்டு. தீ நின்றதால் புல்லுருவி மிகுந்து நெல்லி நலிகிறது என்பது சோலிகரின் கணிப்பு. 2010இல் வெளிவந்த ஆய்வொன்று அக்கணிப்பை அறிவியலோடு வைத்து எடைபோட்டது. புல்லுருவி என்பதை வசைச்சொல்லாக மட்டும் கேட்டுப் பழகிய எங்களுக்கு, அது உண்மையிலேயே ஒரு மரத்தின் மேல் அமர்ந்திருப்பதைக் காட்டியவர் அந்த மாணவிதான்.

தீயை அடியோடு ஒழிப்பதே காடு காப்பது என்ற எண்ணம் காலனிய வனத்துறையோடு வந்தது. உலகில் பல நாடுகள் அவ்வழியே போய்த் திரும்பியிருக்கின்றன. அமெரிக்க வனத்துறை 1935இல், எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுப்படுத்தவேண்டும் என்று விதி செய்தது. எரியாமல் சேர்ந்த சருகும் சுள்ளியும் பெருந்தீக்கு வழிசெய்வதைக் கண்டு, 1970களில் அதைக் கைவிட்டது. ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம் நிலத்தில் 2006 முதல் பூர்வகுடிகளே வறட்காலத் தொடக்கத்தில் சிறுதீ வைத்துப் பெருந்தீயைத் தடுக்கும் திட்டம் நடந்துவருகிறது. நம் ஆடு மேய்ப்பவர் சொன்ன தை மாதத்துப் பனித்தீயும் அந்தச் சிறுதீயும் ஒரே அறிவின் இரண்டு கிளைகள்.

எங்கள் பாடத்துக்கும் இதில் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. ஜெயஸ்ரீ ரத்னமும் பிறரும் 2011இல் எழுதிய கட்டுரையொன்றை மாணவி கொண்டுவந்தார். மரங்கள் இடைவெளிவிட்டு நின்று, அடியில் புல் விரிந்து, அவ்வப்போது தீயைக் கண்டு வாழும் நம் உலர்நிலங்கள் பலவற்றைச் சீரழிந்த காடு என்பது தவறு, அவை சவானா என்னும் தனி வகை என்பது அதன் வாதம். ‘அப்படியென்றால் முல்லை என்பது சவானாவா, ஐயா?’ என்று கேட்டார். மாயோன் மேய காடு, ஆயர், ஆனிரை, கார்காலம், வரகு. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆண்டுதோறும் முல்லைத் திணை நடத்தும் எங்களுக்கு, ஆவினம் மேயப் புல் வேண்டும், புல் வளர வெயில் தரையில் விழவேண்டும், அப்படியானால் அது அடர்காடாக இருந்திருக்க முடியாது என்ற எளிய கணக்கை அந்தக் கேள்வி எடுத்துவைத்தது. குறிஞ்சியின் தினைப்புனம் மரம் வெட்டிச் சுட்டெரித்த நிலத்தில் விளைந்தது என்பதை எல்லாரும் அறிவோம். குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. நிலம் நிலைத்த பொருளன்று, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறக்கூடியது என்ற நோக்கு அங்கே உண்டு. அதை வைத்துச் சங்கப் புலவர் சூழலியலார் என்று மேடையில் முழங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. திணையை ஓர் உருவகமாக மட்டும் நடத்தாமல் நிலமாகவும் நடத்தலாம் என்ற அளவில் எங்களுக்குப் போதும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தீயைப் புகழ்ந்துபாடுவது இன்னொரு மயக்கம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காய்ந்த புற்சரிவில் தீக்கு நடுவே அகப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புல் எரியும் விரைவை அறியாதவர்களுக்கு ஓட நேரமே கிடைப்பதில்லை. முதுமலையில் 1988இல் இந்திய அறிவியல் கழகத்தினர் ஐம்பது எக்டேர் நிலத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, இன்றுவரை அளந்துவருகிறார்கள். பெருமரங்கள் தீயைத் தாங்கும், இளங்கன்றுகள்தான் மடியும், அடிக்கடி தீ வந்தால் அவை மரமாகும் வாய்ப்பே இல்லாமல் போகும் என்பதற்கு அவ்வகை நெடுநாள் கணக்குகளே சான்று. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்த மாதத்தில், எவ்வளவு உயரத்தில் என்பதுதான் கேள்வி. தீ நன்றா தீதா என்பது பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்பு, ஆய்வுக்கு ஏற்றதன்று.

இவ்வளவு பெரிய கேள்விக்கு ஒரு சிறுநகரக் கல்லூரி மாணவி என்ன செய்ய முடியும்? 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளின் ஒரு பகுதி காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய முதன்மை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். முதுகலைப் பருவத்தின் சில மாதங்களில் அது கைகூடுவது அரிது. ஆகவே காட்டின் விளிம்பையே களமாக்கினோம். தீ பட்ட புறம்போக்குச் சரிவு ஒன்று. அதன் எதிரே தீ படாத சரிவு ஒன்று. இரண்டிலும் கயிறு கட்டிச் சதுரம் பிரித்து, மரத்தின் சுற்றளவை நெஞ்சுயரத்தில் அளந்து, பட்டையின் தடிமனைக் குறித்தார்கள். முதலைத்தோல்போல் வெடித்த கருமருதம் பட்டை ஏன் அப்படி இருக்கிறது என்பது கையால் தொட்டபோது விளங்கியது: உள்ளிருக்கும் உயிர்ப்படலத்துக்கு அது கவசம். மேலே கருகி நின்ற சில செடிகள், இரண்டு மழைக்குப்பின் வேரடியிலிருந்து துளிர்த்தன. செத்ததாக முதலில் எழுதிய வரிகளை அடித்துவிட்டு மாணவிகள் திருத்தி எழுதினார்கள்.

நாங்கள் செய்தவை சிறியவை. முதல்வரிடம் கடிதம் வாங்கினோம், ஞாயிற்றுக்கிழமைகளில் உடன்சென்றோம், பேருந்துக் கட்டணமும் படியெடுக்கும் செலவும் ஏற்றோம். சொற்களைச் சேர்த்தோம்: மரப்பெயர், புல்லின் பெயர், மண்ணின் பெயர், தீயின் போக்கைக் குறிக்கும் வினைகள். அப்பட்டியல் ஆய்வேட்டின் பின்னிணைப்பாயிற்று.

நேர்முகத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, ‘எத்தனை விழுக்காட்டினர் தீ வைக்கிறார்கள் என்ற அட்டவணை எங்கே?’ என்று கேட்டார். ‘அதை நான் கேட்கவில்லை, ஐயா’ என்றார் மாணவி. ஏன் என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். தேர்வாளர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு பட்டை அளவுகளைப் பற்றி அரைமணிநேரம் கேட்டார்.

மலையடிவாரத்து இளைஞர்களே கோடைதோறும் தினக்கூலிக்குத் தீத்தடுப்புக் காவலர்களாகவும் போகிறார்கள். காய்ந்த புல்லை வெட்டித் தடுப்புக்கோடு அமைப்பவர்கள் அவர்கள். தீ வந்தால் பச்சைக் குழையால் அடித்து அணைப்பவர்களும் அவர்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபைகள் தம் சமூகக் காட்டைக் காக்கவும் மேலாளவும் உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமை ஏட்டைவிட்டு இறங்கி வரும் நாளில், எந்த மாதத்தில் எந்தச் சரிவை எரிக்கலாம், எதை எரிக்கவே கூடாது என்று பேசுவதற்கு அவர்களிடம் அறிவு இருக்கிறது. அச்சமின்றிப் பேசும் நிலை வேண்டும். அந்த ஆய்வேட்டின் படி ஒன்றை, பெயர்களற்ற அந்த ஊரின் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள் மாணவிகள். அவருக்கு எழுத்து கூட்டிப் படிக்க வரும். மரப்பெயர்ப் பட்டியலில் இரண்டு பெயர்கள் மாறியிருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அடுத்த ஆண்டு மாணவருக்கு முதல் வேலை அதைப் போய்ச் சரிபார்ப்பது.